ஸ்பேர் நிப்பிள்

திம்பம் மலை எறக்கத்துல ஒம்பதாவது வளைவுண்ணா. பிரேக்க மிதிக்கறேன், பெடல் போகுது. போகுதுன்னா போயிட்டே இருக்குது. கெணத்துல கல்லைப் போட்டு, அடியில விழற சத்தம் வருதா வருதான்னு காதைக் குடுத்துட்டு நிப்போமே, அப்படி. சத்தமே வரல. பின்னாடி பூபதி என் ஹெல்மெட்ல ரெண்டு தட்டு தட்டறான். எதுர்ல லோடு லாரி ஒண்ணு மொனகிக்கிட்டு மேல ஏறி வருது. இன்னொருக்கா மிதிக்கறேன். ஒண்ணுமே இல்ல. அப்பறம் நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? கை பிரேக்கப் புடிப்பீங்க. நானும் புடிச்சேன். மொத்தமாப் புடிச்சேன். வளைவுல மணல் கெடந்துச்சு. அவ்வளவுதான்.

எனக்கு முழங்கையில தோல் போச்சு. அவனுக்குத் தோள்கிட்டக் காரை எலும்பு ஒடஞ்சுது.

டி.பி.ல புலிப் படம் வெச்ச அண்ணா, உங்க பேரு எனக்குத் தெரியல. நேத்து நம்ம பைக் குரூப்ல கேட்டிருந்தீங்கல்ல, லிங்க்டு பிரேக் வண்டியில காத்து எடுக்கறத வீட்லயே பண்ணலாமா, கூட எங்க மச்சான் இருக்காப்லன்னு? உங்களுக்குத்தான் சொல்றேன். மத்தவங்க சும்மாப் படிங்க. பண்ணலாங்ணா. தாராளமாப் பண்ணலாம். ஆனா மச்சான் வேண்டாம். கூட ஒரு ஆளை வெச்சாலே கெட்டுது.

போன மாசம் இதே குரூப்ல நான் எழுதினதப் பாத்திருப்பீங்க. "பெடல்ல கால் வெச்சவன் சரியில்லாட்டி இதுதான் கதி"ன்னு, நசுங்கின ஹெட்லைட் போட்டோவோட. நூத்திப்பத்து பேரு லைக் போட்டீங்க. ஒருத்தரு "அது காலா, கரும்பா"ன்னு கேட்டிருந்தாரு. விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தக் கால் பூபதியோட கால்.

பூபதியும் நானும் ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஒண்ணா இருக்கறோம். வண்டியும் ரெண்டு பேருக்கும் பொது. ஆர்.சி. என் பேர்ல, ஓட்டறது நான், கழுவறது அவன். பொதுன்னா அப்படித்தான?

இருங்க, யூரியா கேட்டு ஆள் வந்திருக்குது. எங்கப்பாவோட உரக்கடையில உக்காந்துதான் இத அடிக்கறேன்.

ம், வந்துட்டேன். சாதா வண்டியில கை பிரேக் முன் வீலுக்கு, கால் பிரேக் பின் வீலுக்கு. சண்டை இல்ல. இந்த வண்டியில அப்படி இல்லீங்ணா. காலை மிதிச்சா பின்னாடியும் புடிக்கும், முன்னாடியும் சேத்துப் புடிக்கும். ஒரு மிதிக்கு ரெண்டு வீல். நல்ல சமாச்சாரந்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பிரேக் ஆயில் கறுத்துப் போச்சு, டிகாஷன் கணக்கா. சரி மாத்திருவோம்னு ஒரு சனிக்கெழம எங்க குடோன்ல வண்டியப் போட்டுட்டேன். பழச எடுக்கறப்ப ஆயில் டப்பா காலியாகி, காத்து உள்ள போயிருச்சு. டப்பாவப் பாத்துக்கடான்னு நான் பூபதிகிட்டச் சொல்லலதான். சொல்லணுமா? கண்ணு இருக்குதுல்ல?

காத்து எடுக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தன் பெடல மிதிச்சு அழுத்திப் புடிச்சுக்கணும். இன்னொருத்தன் வீல்கிட்டக் குந்தி, பிரேக்குல மூக்காட்ட நீட்டிட்டு இருக்கற திருகாணிய, அதான் நிப்பிள, ஸ்பேனர்ல கால் சுத்து தெறக்கணும். அதுல மாட்டின டியூப்ல ஆயிலும் காத்தும் கொமுளி கொமுளியா வரும். மறுபடி மூடணும். மூடினப்பறந்தான் மிதிச்சவன் காலை எடுக்கோணும். அதுக்கு முன்ன எடுத்தான்னா, வெளிய வந்த காத்து திரும்பி உள்ள போயிரும். அவ்வளவுதான் வித்தை. மூளை வேலை நம்முளுது, கால் வேலை அவனுது.

"மிதி"ம்பேன். மிதிப்பான். "புடி"ம்பேன். புடிப்பான். "விடு"ம்பேன். விடுவான். பின் வீல்ல ஒரு மணி நேரம் இதே பாட்டு.

"பஞ்சாட்ட இருக்குது மாப்ள"ன்னான்.

"வெறுங்கால்ல மிதிச்சா அப்படித்தான் இருக்கும்"னேன்.

செருப்பு போட்டுட்டு வந்து மிதிச்சான். "இப்பவும் பஞ்சாட்டத்தாண்டா இருக்குது."

"உனக்குக் காலே பஞ்சு. நீயெல்லாம் போலீஸுக்குப் போயி யாரைப் புடிக்கப் போற?"

சிரிச்சான். அவன் அப்படித்தாங்ணா, எதுக்கும் சிரிப்பான், அதுலயே எனக்கு எரியும்.

போலீஸ்னு சொன்னேன்ல, அதச் சொல்லிடறேன். அவன் எழுத்துப் பரீச்சை பாஸ் பண்ணிருந்தான். இன்னும் பதினெட்டு நாள்ல ஈரோட்டுல ஓட்டம், தாண்டறது, கயிறு ஏறறது எல்லாம். தெனமும் காலைல எங்க குடோனுக்கு வந்து, விட்டத்துல கயிறு கட்டி ஏறுவான். நாந்தான் கீழ மூட்டை மேல படுத்துட்டு செகண்டு எண்ணுவேன். அதுவும் என்னோட உபகாரந்தான். யாராச்சும் சொன்னாங்களா? இல்ல.

பின் வீல் முடிச்சுட்டு முன் வீலுக்கு வந்து, அங்க நிப்பிளத் தெறந்து, கை பிரேக்கோட காத்தையும் எடுத்துட்டேன். அதுக்கு அவன் கால் தேவையில்ல, நானே கைல அமுத்தி அமுத்தி எடுத்துட்டேன். அவன் பாட்டுக்கு துணியெடுத்து வீலைத் தொடைச்சுக்கிட்டு இருந்தவன், சும்மா இருக்க மாட்டாம கேக்கறான்:

"ஏன்டா லோகு, இங்க ரெண்டு நிப்பிள் இருக்குது. ஒண்ணத்தான தெறந்த?"

"அது ஸ்பேர்ரா."

"ஸ்பேரா?"

"ஒண்ணு மரை போயிருச்சுன்னா இன்னொண்ணு. கம்பெனிக்காரன் என்ன உன்னாட்ட முட்டாளா? யோசிச்சுத்தான் வெச்சிருக்கான்."

"சரி"ன்னான்.

இந்தச் சரிய மனசுல வெச்சுக்குங்ணா. பின்னாடி வரும்.

அடுத்த நாள் ஞாயித்துக்கெழம. திம்பம் மேல போயி டீ குடிச்சுட்டு வரலாம்னு கூப்பிட்டேன். "செலக்‌ஷன் முடியட்டும்டா"ன்னான். "பயப்படறவனெல்லாம் போலீசா"ன்னேன். வந்தான். பண்ணாரி செக்போஸ்ட்கிட்ட வந்ததும் இன்னொண்ணு கேட்டான்: "பெடல் இன்னும் மெதுமெதுங்குதுன்னேனே, பட்டறைக்குத் திரும்பிப் போயி பரிமளாக்காகிட்ட ஒருக்காக் காட்டிட்டு மேல போலாமா?"

"ஏறறதுக்கு எதுக்குடா பிரேக்கு?"ன்னேன்.

நல்லா ஏறுச்சுங்ணா. இருபத்தேழு வளைவும் வெண்ணையாட்ட ஏறுச்சு. அதுல எந்தக் கொறையும் யாரும் சொல்ல முடியாது. மேல போயி டீயும் குடிச்சோம், மொளகா பஜ்ஜியும் தின்னோம். எறங்கறப்பத்தான். பன்னெண்டாவது வளைவுலயே என் ஹெல்மெட்ல ரெண்டு தட்டு தட்டுனான். வேகமாப் போற, கொறைன்னு அர்த்தம். எங்களுக்குள்ள அது ஸ்கூல் நாள்ல இருந்து இருக்கற கணக்கு. ஆனா எப்பப் பாத்தாலும் தட்டறவன் தட்டினா யாருங்ணா மதிப்பாங்க?

அதுக்கப்பறம் ஒம்பதாவது வளைவு. அதச் சொல்லிட்டேன். அந்த லாரிக்காரரு நல்ல மனுசன், வண்டிய நிறுத்தி, எங்களத் தூக்கி ஓரமா உக்கார வெச்சு, கூட்டிட்டு வர ஆள் புடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாரு. அவர் பேரு கூடக் கேக்கல.

ஆஸ்பத்திரிக்குப் பூபதியோட அப்பா வந்துட்டாரு. சுப்பணன் மாமா. மில்லுல செக்யூரிட்டி. யூனிபார்மோட அப்படியே வந்து நின்னுட்டு, அவனைக் கேக்கல, என்னக் கேட்டாரு: "எப்படி சாமி ஆச்சு?"

அவரு அப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது? யோசிச்சுப் பாருங்க. நான் வேலைய ஒழுங்காத்தான் செஞ்சேன். தெறந்தேன், மூடினேன். அப்பறமும் காத்து உள்ள இருக்குதுன்னா எப்படி இருக்கும்? யாரோ காலைச் சீக்கிரம் எடுத்திருக்கணும். காலை வெச்சது யாரு?

"இவன் நான் மூடறதுக்கு முன்னயே பெடல விட்டிருப்பான் மாமா. அதான் காத்து உள்ள போயிருச்சு"ன்னேன்.

மாமா அவன் பக்கம் திரும்பினாரு. "எதுலயும் அவசரம். உன்ற காலே உன்ற கைய ஒடைச்சிருச்சு பாத்தியா? பதினேழு நாளு இருக்குதுடா. பதினேழே நாளு"ன்னாரு. அப்பறம் தொப்பியக் கழட்டி மடியில வெச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

பூபதி என்னப் பாத்தான். ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா ஒத்துக்கிட்டான்னுதானுங்ணா அர்த்தம்? இல்லீன்னா அங்கயே சொல்லிருக்கலாமில்ல? வாய்ல ஒண்ணும் கட்டு போடலியே.

அன்னிக்குச் சாயங்காலந்தான் குரூப்ல எழுதினேன். அவனும் இந்தக் குரூப்லதான் இருந்தான். மறுநாள் பாத்தா ஆளக் காணோம். குரூப்ப விட்டுப் போயிட்டானாம்! ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லல. எனக்கு வந்துச்சே கோவம். பதினஞ்சு நாள் போன் பண்ணல. அவனும் பண்ணல.

ஈரோட்டுல செலக்‌ஷன் அன்னிக்குக் காலைல எங்கப்பா குடோனுக்கு வந்து, "அந்தக் கயித்த அவுத்துப் போடுறா, மூட்டை எறக்கறவங்க தலைல இடிக்குது"ன்னாரு. ஸ்டூல் போட்டு ஏறினேன். எட்டல. மூட்டை அடுக்கி ஏறினேன். முடிச்சு எப்படிப் போட்டிருக்கான்னே புரியல. இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்குது. நான் என்ன பண்றது, கட்டினவனில்ல வந்து அவுக்கணும்?

சரி, வண்டிக்கு வர்றேன். ஹேண்டில்பார் கோணி, ஹெட்லைட் போயி, குடோன்லயே கெடந்துச்சு. பூபதிய நம்பி இனி ஆகாதுன்னு போன புதன்கெழம பரிமளாக்கா பட்டறைக்குத் தள்ளிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பட்டறை. அக்காளுக்குக் கை சுத்தம், வாய் சுத்தமில்ல. முன் வீல்கிட்டக் குந்தி ரெண்டு நிமிசம் பாத்தாங்க.

"இத யாரு வேலை பாத்தது?"

"நாந்தாங்க்கா."

"இந்த நிப்பிளத் தெறந்திருக்கற. அதுக்குப் பக்கத்துல இருக்கறத ஏன் தெறக்கல? ரப்பர் மூடியக் கூடக் கழட்டாம புழுதி அப்படியே அப்பிக் கெடக்குது."

"அது ஸ்பேருக்கா."

ஸ்பேனர கீழ வெச்சுட்டாங்க. பக்கத்துல பஞ்சர் ஒட்டற கடைக்காரரு கூட டியூப்பத் தண்ணியில இருந்து எடுத்துட்டுத் திரும்பிப் பாத்தாரு.

"ஏங் கண்ணு, ஸ்பேர்னா பெட்ரோல் டேங்க்கும் ரெண்டு குடுத்திருப்பானே? வீட்ல எங்காச்சும் கெடக்குதா, தேடிப் பாத்தியா?"

பஞ்சர் கடைக்காரரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே, அவரு கடைப்பக்கமே இனி போக மாட்டேன்.

அப்பறம் அக்கா சொன்னாங்க. முன் வீல்ல ஒரு நிப்பிள் கை பிரேக்குக்கு, இன்னொண்ணு கால் பிரேக்குக்காம். காலை மிதிச்சா ரெண்டு வீலும் புடிக்குதுன்னா, கால் பிரேக்கோட ஆயில் முன்னாடியும் வரோணுமில்லன்னாங்க. அது வர்ற வழியில காத்து நல்லா சம்மணம் போட்டு உக்காந்திருந்திருக்குது. எறக்கத்துல மிதிச்சு மிதிச்சு சூடேறி, காத்து பெருத்து, பெடல் கீழ போயிருச்சு. ஒரு மிதிக்கு ரெண்டு வீல்னு உங்ககிட்ட மேல எழுதினேன்ல? எனக்கு அது தெரியுங்ணா. தெரியாம இல்ல. நிப்பிள் சமாச்சாரந்தான் தெரியல.

"அப்ப பூபதி கால்?"னு கேட்டேன்.

"எந்தப் பூபதி?"

சொன்னேன். மிதிச்சவன், அவசரக்காரன், இப்படி இப்படின்னு.

"நீ தெறக்கவே இல்லியே கண்ணு. பண்ணாரிக் காட்டு யானையே வந்து மிதிச்சிருந்தாலும் அந்தக் காத்து எப்படி வெளிய வரும்?"

இங்கதாங்ணா எனக்கு ஒரு விசயம் ஒதைக்குது. அந்தச் சரி. மனசுல வெச்சுக்கச் சொன்னேன்ல? நான் ஸ்பேர்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். வாய்க்கு வந்துச்சு, சொன்னேன். அவன் ஏங்ணா சரின்னான்? ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து என்னத் தெரியும். குருவிக் கூட்ட எடுக்கறேன்னு போயி ஸ்கூல் போர்வெல் மோட்டாரையே எரிச்சவன் நான். நான் சொன்னதுல எது ஒண்ணு சரியா இருந்திருக்குது? அப்படிப்பட்ட ஆளு சொன்னா, இல்லடான்னு ஒரு வார்த்தை சண்டை போட வேண்டாமா? நம்பறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? எல்லாத்தையும் நான் சொல்லிட்டேங்கறதுக்காகவே நம்பிட்டு வந்து பின்னாடி உக்காந்துட்டா, அப்பறம் எலும்பு ஒடஞ்சா நான் என்ன பண்ண முடியும்?

அக்கா காத்து எடுக்க உக்காந்தாங்க. பெடல மிதிக்க ஆள் வேணும். நான் போயி நின்னேன். "நீ வேண்டாம். அந்தப் பையனக் கூப்புடு"ன்னாங்க. நான் போன் பண்ணினா எடுக்கல. அக்கா அவங்க போன்ல இருந்து பண்ணினதும் ஒரே ரிங்ல எடுக்கறான்! டவுன் பஸ் புடிச்சு வந்து சேந்தான். கழுத்துல இருந்து துணித் தொட்டில், அதுல கை. எனக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். செருப்பக் கழட்டிட்டு பெடல்ல கால் வெச்சான்.

அக்கா முன் வீல்ல அந்த ரெண்டாவது நிப்பிளத் தெறந்தாங்க. பெடல் அடி வரைக்கும் போச்சு. அப்பப் பாத்து அக்காளுக்கு போன். எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டு, நிப்பிள மூடாமயே, ரோட்டோரம் போயிட்டாங்க. யாரோ சம்பந்தி வீட்டுக்காரங்க. பேசறாங்க, பேசறாங்க, பந்தல் எத்தன அடின்னெல்லாம் பேசறாங்க. இவன் மிதிச்சது மிதிச்சபடி நிக்கறான். ஒத்தக் கையில சீட்டைப் புடிச்சுக்கிட்டு. நெத்தியில இருந்து வேர்வை எறங்கி மூக்கு நுனியில நிக்குது, தொடைக்கக் கை இல்ல. தொடை நடுங்குது. கால் ஒரு நூல் மேல வரல. "அக்கா, மூடிட்டுப் பேசுங்க்கா"ன்னு நாந்தான் கத்துனேன்.

வந்தாங்க. மூடினாங்க. "இப்ப விடு சாமி"ன்னாங்க. விட்டான்.

அக்கா என்னப் பாத்து, "இந்தக் காலா சீக்கிரம் எடுத்துச்சு?"ன்னு கேட்டாங்க.

போன் வந்தது நெசமா, வேணும்னே போனாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. பொம்பளைங்க ரொம்ப வெவரம்.

அதுக்கப்பறம் மிதிக்க மிதிக்கக் கொமுளி. பத்து மிதி, பன்னெண்டு மிதி, வந்துட்டே இருந்துச்சுங்ணா. அவ்வளவு காத்தையும் உள்ள வெச்சுக்கிட்டா நாங்க திம்பம் ஏறினோம்? கடைசியில பூபதி சொன்னான்: "பஞ்சு போயிருச்சுங்க்கா. கல்லாட்ட இருக்குது."

நானும் பெருந்தன்மையா, "ஏறுடா, வீட்ல விட்டுடறேன்"னேன். குரூப்ல எழுதினத வேணும்னா அழிச்சுடறேன்னும் சொன்னேன். யாருங்ணா இவ்வளவு எறங்கி வருவாங்க?

"குரூப்ப விடுறா. எங்கப்பாகிட்டச் சொல்லு"ன்னான். "இன்னும் என் காலுன்னுதான் சொல்லிட்டிருக்காரு. சோத்துல கை வெக்கறப்பச் சொல்றாரு." சத்தமெல்லாம் போடல. சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டான்.

டவுன் பஸ்ல ஏறிட்டான். நான் விடுவனா? பின்னாடியே போனேன். ஆரன் அடிச்சேன். ஜன்னலோரம் உக்காந்திருக்கறான், திரும்பல. பஸ் நின்ன எடத்துலயெல்லாம் நானும் நின்னேன். பிரேக்குன்னா அப்படிப் புடிக்குதுங்ணா! பஸ் பின்னாடி நாலு வெரக்கட எடம் விட்டு, தைச்ச மாதிரி நிக்குது. அது ஒண்ணுதான் சந்தோசம். ஆனா பின் சீட்டுல கனம் இல்லாம வண்டி என்னமோ துள்ளிக்கிட்டே வந்துச்சு.

அவன் ஸ்டாப்ல சுப்பணன் மாமா நின்னுட்டு இருந்தாரு. டியூட்டிக்குப் போறதுக்கு யூனிபார்ம் போட்டுட்டு. இவன் எறங்குறதுக்குக் கைய நீட்டிப் புடிச்சு எறக்கினாரு. நான் வண்டிய ஓரங்கட்டினேன்.

"வண்டி சரியாயிருச்சா சாமி?"

"ஆயிருச்சுங் மாமா."

"காத்தெல்லாம் எடுத்தாச்சா? யாரு மிதிச்சது?"

"பூபதிதாங் மாமா."

மாமா அவனைப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "மறுபடியும் இவனா? எதுக்கும் இன்னொருக்காக் காட்டிரு சாமி. இவன் காலை நம்பாத"ன்னாரு.

பூபதி என்னப் பாத்தான். ஆஸ்பத்திரியில பாத்தான்ல, அதே பார்வை.

சொல்லலாம்னுதாங்ணா வாயத் தெறந்தேன். சத்தியமா. வண்டி ஆஃப் பண்ணல, சத்தமா இருந்துச்சு. பஸ் வேற பின்னாடி பொகைய விட்டுட்டுக் கெளம்புச்சு. மாமாவுக்கும் டியூட்டிக்கு நேரமாச்சு. "சரிங் மாமா"ன்னேன். அதுதான் வந்துச்சு வாயில.

 பூபதி திரும்பி நடந்துட்டான்.

அன்னில இருந்து அஞ்சு நாள். அவங்க வீடு எங்க கடைல இருந்து ஒண்ணரைக் கிலோமீட்டர். மாமா தெனமும் ஆறு மணிக்கு எங்க கடைக்கு முன்னாலதான் சைக்கிள்ல போறாரு. கை காட்டறாரு. நானும் காட்டறேன். அவருகிட்ட இந்த மாதிரி போன் கெடையாது, இந்தக் குரூப்பும் கெடையாது. அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன், புலிப் படத்தண்ணா. முன் வீல்ல ரெண்டு நிப்பிள் இருக்கும். ரெண்டையும் தெறங்க. மச்சான் எதாச்சும் கேட்டாருன்னா, அவரு கேக்கறதக் கொஞ்சம் நின்னு கேளுங்க.

மணி ஆறாகப் போகுது. சைக்கிள் வர்ற நேரம்.

நானூறு பேரு இருக்கீங்க இந்தக் குரூப்ல. யாராச்சும் சொல்லுங்ணா. வெளிய போடவேண்டியது வாய் வரைக்கும் வந்து, கடைசியில "சரிங்"னு மட்டும் வந்து நின்னுக்குது. உங்களுக்கும் இப்படி ஆயிருக்குதா, இல்ல எனக்கு மட்டுந்தானா?